தொழிலாளியின் ரத்தத்தில் உள்ள எண் தொழிலாளியின் கைக்கு வரட்டும்

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களே,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர். பேட்டரி ஆலை, பெயின்ட் ஆலை, பூச்சிமருந்து கலக்கும் ஆலை என்று பல இடங்களுக்கும் போய், தொழிலாளர்களிடம் ரத்தமும் சிறுநீரும் எடுத்து வந்து பரிசோதித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. தங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். ரசாயனம் புழங்கும் வேலையில் இருப்பவரின் உடம்பில் அந்த ரசாயனம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பரிசோதித்தால், அந்த முடிவை அவர் கையிலேயே, அவருக்குப் புரியும் தமிழில், 15 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். எழுதியதோடு விடாமல் கொடுக்க வையுங்கள்.

ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், நேரம் அப்படி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் புதிய தொழில் பாதுகாப்பு, சுகாதார, பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் டெல்லியில் எழுதியது. ஆனால் தொழிலாளி தன் மருத்துவப் பதிவைப் பார்ப்பதற்கான நிபந்தனைகளை வகுப்பது மாநில அரசு. அந்த நிபந்தனைகளில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய சட்டத்திலும் இந்த உரிமை இல்லாமல் இல்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987ல், அபாயகரமான தொழில்முறைகளுக்கென்று தனி அத்தியாயம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் 41சி பிரிவு மிகத் தெளிவாகப் பேசியது. நச்சுப் பொருளோடு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சரியான மருத்துவப் பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவைத் தொழிலாளி பார்க்க முடிய வேண்டும். வேலையில் சேர்க்கும் முன்பும், வேலையில் இருக்கும்போதும், அந்த வேலையை விட்ட பிறகும்கூட, 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். வேலையை விட்ட பிறகும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது என்பதைத் தொழிற்சங்கக்காரர்களிடம் சொன்னால் அவர்களே ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். அப்படி விலகியவரைக் கூப்பிட்டுப் பரிசோதித்த ஆலை ஒன்றைக்கூட என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

நான் பார்த்த நடைமுறையைச் சொல்கிறேன். ஆலைக்கும் ஆய்வகத்துக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கும். முடிவுகளை நிர்வாகத்திடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கும். நாங்கள் காலையில் போவோம், கேன்டீனில் மேசை போடுவோம், வரிசையாக வருவார்கள், ஊசி போட்டு எடுப்போம். பத்துப் பதினைந்து நாளில் முடிவுகள் மொத்தமாக ஒரு கவரில் எச்.ஆர். அலுவலகத்துக்குப் போகும். அடுத்த வருடம் போகும்போது அதே ஆள் கையை நீட்டியபடி கேட்பார்: "சார், போன தடவை எனக்கு எவ்வளவு வந்துச்சு?" அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'பிட்', அதாவது வேலைக்குத் தகுதி, என்று ஒரே ஒரு சொல்லில் ஒரு சீட்டு கொடுத்திருப்பார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. ஒரு பேட்டரி ஆலையில், தகடுகளில் ஈயப் பசை பூசும் பேஸ்டிங் பிரிவில் இருந்த ஒருவர் வருடாவருடம் இதே கேள்வியைக் கேட்டார். அவருடைய எண் ஏறிக்கொண்டே போனது எனக்குத் தெரியும், எச்.ஆருக்குத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. தன் ரத்தத்தைப் பற்றி உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியாது என்ற நிலை எப்படிச் சரியாகும்?

ஈயத்தைப் பற்றியே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அது அதிகம் புழங்குகிறது. புது பேட்டரி செய்யும் ஆலைகள் ஒரு பக்கம். பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் உலைகள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொடங்கிப் பல இடங்களில் இருக்கின்றன. வண்டி, இன்வெர்ட்டர், செல்போன் கோபுரம் என எல்லாவற்றின் பேட்டரியும் கடைசியில் ஏதோ ஓர் உலைக்குத்தான் போகிறது. தூசியாகவும் புகையாகவும் மூச்சில் போகும் ஈயமும், கை கழுவாமல் சாப்பிடும்போது வாய்வழி போகும் ஈயமும் ரத்தத்தில் சேர்கின்றன. ரத்தத்தில் உள்ள ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஆனால் குறைந்ததெல்லாம் வெளியே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. வளர்ந்தவர் உடம்பில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் தங்குகிறது. அங்கிருந்து அது வெளியேறப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் ஒரு தடவை எடுத்த ஓர் எண்ணைவிட, வருடக்கணக்கில் எடுத்த எண்களின் வரிசை முக்கியம். அந்த வரிசை தொழிலாளியிடம் இருந்தால், அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் காட்டலாம்.

வயிற்றுவலி, மலச்சிக்கல், உடம்பு அசதி, கைகால் மூட்டு வலி என்று வருபவருக்கு நம் கிளினிக்குகளில் கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்பவர் குறைவு. ஈயம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். முப்பத்தைந்து வயதில் பிபி மாத்திரை தொடங்கிய உலைத் தொழிலாளியின் கையில் "உங்கள் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 48 மைக்ரோகிராம்" என்று ஒரு சீட்டு இருந்திருந்தால், அந்த டாக்டர் வேறு மாதிரி யோசித்திருப்பார்.

எவ்வளவு இருந்தால் அதிகம்? உலகம் இந்தக் கேள்விக்கான பதிலைக் கீழே கீழே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அமெரிக்கா 1978ல் கொண்டுவந்த விதிப்படி ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தொட்டால், அல்லது சராசரி 50ஐத் தொட்டால், அந்த வேலையிலிருந்து ஆளை நகர்த்த வேண்டும். 40க்குக் கீழே இறங்கினால்தான் திரும்பச் சேர்க்கலாம். அந்த எண்களே இன்று மிகப் பழையவை. கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் நகர்த்தும் அளவை 30 ஆக்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகளாக 70 என்று வைத்திருந்ததை 2024ல் 15 ஆகக் குறைத்தது. 2028 முடியும்வரை இடைக்காலமாக 30. நம்முடைய பழைய சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் காற்றில் இருக்கலாம் என்று அனுமதித்த ஈயம் ஒரு கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராம். அமெரிக்காவில் 1978லிருந்தே 0.05. மூன்று மடங்கு வித்தியாசம். காற்றுக்கான அளவை இறக்க வேண்டும் என்பது தனியாகப் போராட வேண்டிய விஷயம், அதை இங்கே விரிக்கவில்லை. ஆனால் காற்றின் அளவு தளர்வாக இருக்கும் நாட்டில், ரத்தத்தை அளப்பதும் அளந்ததைச் சொல்வதும் இன்னும் அவசியமாகிறது.

சரி, பரிசோதனை செய்கிறார்களே, அதாவது ஒழுங்காக நடக்கிறதா? இதை நான் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். மாதிரியை எப்போது எடுப்பது என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. ஈயத்துக்கு எந்த நேரத்தில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் பென்சீன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் அப்படி இல்லை. பென்சீன் உடம்பில் மாறி சிறுநீரில் வரும் பொருட்கள் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் ஷிப்ட் முடிந்த கையோடு சிறுநீர் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஆனால் முகாம் நடத்த வசதியான நேரம் எது? வாரவிடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை காலை, ஷிப்ட் தொடங்கும் முன். எல்லோரும் குளித்து, சாப்பிட்டு, தெளிவாக வந்திருப்பார்கள். அப்போது எடுத்தால் சிறுநீர் சுத்தமாகத்தான் இருக்கும். அப்படி வந்த 'நார்மல்' சீட்டை வைத்துக்கொண்டு ஆலையில் எல்லாம் நலம் என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள்.

பசையில் இருக்கும் டொலுவீனுக்கு, அது உடம்பில் மாறிச் சிறுநீரில் வரும் ஹிப்யூரிக் அமிலத்தைப் பார்க்கச் சொல்கிறவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். குளிர்பானத்திலும் பாட்டில் ஊறுகாயிலும் கெடாமல் இருக்கப் போடும் பென்சோயேட்டும் உடம்பில் அதே அமிலமாகத்தான் மாறும். மதியம் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டவரின் எண்ணும் பசை வாசத்தில் எட்டு மணி நேரம் நின்றவரின் எண்ணும் குழம்பிப்போகும். அச்சகத்துக்கும் செருப்பு, ஷூ ஒட்டும் இடத்துக்கும் இந்தப் பரிசோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. தெரிந்தவர்கள் இதைக் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்களில் குரோமியத்தைப் பார்க்கச் சிறுநீர் எடுத்தால், அதில் தெரிவது மொத்தக் குரோமியம். தோல் பதனிடப் போடும் மூவிணைக் குரோமியமா, புற்றுநோய் வரவைக்கும் ஆறிணைக் குரோமியமா என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. அதைப் பிரித்தறிய ரத்தச் சிவப்பணுவில் பார்க்க வேண்டும்.

ஈயத்தையும் ஏனோதானோ என்று எடுக்க முடியாது. முழு ரத்தத்தில் பார்க்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் ஈயத்தில் ஏறக்குறைய எல்லாமே சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வழக்கம்போல் சீரத்தை, அதாவது சிவப்பணு நீக்கிய தெளிந்த நீரை, பிரித்து எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லாத மாதிரிதான் வரும். அதேபோல், ஷிப்ட் நடுவில் கூப்பிட்டு, கையைக் கழுவவைக்காமல் விரல் நுனியில் குத்தி எடுத்தால், தோலில் இருக்கும் தூசியே எண்ணை எகிறவைத்துவிடும். பரிசோதனைச் செலவைக் குறைக்க, நேரடியாக ஈயத்தைப் பார்க்காமல், ஈயம் ஏறினால் ரத்தத்தில் கூடும் துத்தநாகப் புரோட்டோபார்பிரின் என்ற பொருளைப் பார்த்து நிறுத்திக்கொள்வதும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலும் அந்த எண் ஏறும். ரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும் நம் ஊரில், குறிப்பாகப் பெண் தொழிலாளர்கள் விஷயத்தில், "அது சோகையால்தான்" என்று சொல்லி ஒதுக்கிவிட இது வசதியாகப் போகிறது. உண்மையில் இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். சோகை இருப்பவரை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

பெண் தொழிலாளர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. கழிப்பறை சரியில்லாத ஆலைகளில், போக இடைவெளி கிடைக்காத இடங்களில், அவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். உலைப் பக்கம் வெயிலும் சூடும் சேர்ந்து ஆண்களுக்கும் இதே கதை. சிறுநீர் அடர்த்தியாகிவிடும். சிறுநீரில் பார்க்கும் பெரும்பாலான ரசாயனங்களை, உடம்பு இயல்பாகச் சிறுநீரில் கழிக்கும் கிரியாட்டினின் என்ற பொருளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். கிரியாட்டினின் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் போனாலோ 0.3 கிராமுக்குக் கீழே வந்தாலோ அந்த மாதிரியைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடியும் எடுக்க வேண்டும். அப்படித் திரும்பத் திரும்ப அடர்த்தியான மாதிரி வரும் ஒரு பிரிவில், தங்கள் ஆய்வாளர் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறையையும் குடிநீரையும்தான்.

இப்போது கொடைக்கானலுக்கு வருகிறேன். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை 1983 வாக்கில் அங்கே வந்தது. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் கிடப்பதைப் பார்த்து ஊர்மக்கள் கொதித்தெழ, ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்கள் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்றார்கள். நிறுவனம் மறுத்தது. 2016 மார்ச்சில் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மூடியதிலிருந்து பதினைந்து வருடம்.

நான் அந்த வழக்கின் சரிதவறுகளுக்குள் போகவில்லை. ஆய்வகத்துக்காரனாக எனக்கு உறைக்கும் விஷயம் வேறு. சிறுநீரில் பாதரசம் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். மூடி ஒரு வருடம் ஆவதற்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும். ஐந்து வருடம் கழித்து அந்தத் தொழிலாளியின் சிறுநீரைப் பிடித்துப் பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் இருப்பது போலத்தான் இருக்கும். அதை வைத்து அவர் பாதரசத்தில் வேலை செய்யவில்லை என்றோ, பாதிக்கப்படவில்லை என்றோ யாரும் சொல்ல முடியாது, பாதிக்கப்பட்டார் என்றும் நிரூபிக்க முடியாது. வேலையில் இருந்த நாட்களில் எடுத்த எண் ஒன்றுதான் அதற்கு நேரடிச் சாட்சி. காலம் கடந்தபின் அதை மறுபடி உண்டாக்க எந்த ஆய்வகத்தாலும் முடியாது. அந்த ஒரே சாட்சி, வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்கப்போகிற நிர்வாகத்தின் அலமாரியில் மட்டும் இருக்கும்படி ஒரு விதி இருந்தால், அந்த விதி யாருக்காக எழுதப்பட்டது?

அதனால் இரண்டு காரியம் வேண்டும். ஒன்று, நகல் தொழிலாளியிடம் இருக்க வேண்டும். இரண்டு, ஆலை மூடினாலும் கைமாறினாலும் அழியாதபடி இன்னொரு நகல் தங்கள் இயக்ககத்திடம் இருக்க வேண்டும். பிரிட்டனில் இப்படிப்பட்ட சுகாதாரப் பதிவேட்டை 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ரேஷன் கார்டு முதல் பட்டா வரை எல்லாம் கணினியில் ஏறிவிட்ட மாநிலத்தில், 40 வருடம் பதிவைக் காப்பாற்ற முடியாது என்று சொல்ல முடியாது.

தொழிலாளியிடம் எண்ணைக் கொடுக்கச் சொன்னால் நிர்வாகங்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள். "தேவையில்லாமல் பயந்துவிடுவார்கள், பிரச்சினை பண்ணுவார்கள்" என்று. பயப்படட்டும். தன் உடம்பில் நஞ்சு ஏறுகிறது என்று தெரிந்தால் பயப்படுவதுதான் அறிவு. பயந்தவர் முகக்கவசம் சரியாகப் போடுவார், சாப்பிடும் முன் கை கழுவுவார், வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க மாட்டார். ஈயம் படிந்த சட்டையை வீட்டில் துவைத்தால் பிள்ளைகளின் ரத்தத்திலும் அது ஏறும். குழந்தைகளுக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. அப்பாவின் எண் வீட்டுக்கு வந்தால்தான் பிள்ளையைப் பரிசோதிக்க வேண்டும் என்றே வீட்டில் தோன்றும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் மறுப்பு தொழிலாளர்கள் பக்கத்திலிருந்து வருவது. "எண் கூடினால் வேலையை விட்டு நிறுத்திடுவாங்க சார்." இது கற்பனைப் பயம் இல்லை. எண் அதிகமாக வந்த காண்ட்ராக்ட் தொழிலாளி அடுத்த மாதம் அந்த ஆலையில் இல்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் வேறொரு காண்ட்ராக்டரிடம், வேறொரு உலையில், அதே ஈயத்தில் இருந்தார். ரத்தத்தை எடுக்கப் போனால் லீவு போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இதனால்தான் ஓடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளத்துக்குப் பாதுகாப்பு இல்லாமல் பரிசோதனையை மட்டும் கட்டாயமாக்கினால், அது தொழிலாளியைத் தண்டிக்கும் கருவியாகிவிடும். 1978ஆம் ஆண்டு அமெரிக்க விதியில் இதற்கு வழி வைத்தார்கள். எண் கூடியவரை ஈயம் இல்லாத வேலைக்கு மாற்ற வேண்டும், சம்பளமும் பணிமூப்பும் 18 மாதம் வரை குறையக் கூடாது. எந்த எண்ணில் நகர்த்துவது, எந்த எண்ணில் திரும்பச் சேர்ப்பது, அதுவரை சம்பளம் யார் தருவது என்ற மூன்றையும் நம் விதியிலும் எண்ணாகவே எழுதுங்கள். 'மருத்துவர் தகுந்தது என்று கருதினால்' என்று எழுதினால், அந்த மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பவர் கருதுவதுதான் நடக்கும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் முதன்மை வேலையளிப்பவரான ஆலையே பொறுப்பு என்று தனியாக எழுத வேண்டும். உலை வாயில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

எண்ணைக் குறைக்கக் குறுக்குவழிகள் உண்டு, அவற்றையும் விதி அடைக்க வேண்டும். உடம்பிலிருந்து உலோகத்தைப் பிடித்து இழுக்கும் மருந்துகள் இருக்கின்றன. நஞ்சு முற்றியவருக்கு மருத்துவமனையில் வைத்துக் கொடுக்க வேண்டியவை. அதே ஈயத் தூசியில் ஆளை நிறுத்திவைத்துக்கொண்டே, எண் கூடாமல் இருப்பதற்காக அந்த மருந்தைக் கொடுப்பதை அமெரிக்க விதி வெளிப்படையாகத் தடை செய்கிறது. நம் விதியிலும் அந்த வரி வேண்டும். அப்புறம் பாலும் வாழைப்பழமும் வெல்லமும். தொழிலாளிக்குப் பால் கொடுப்பது நல்லது, கொடுக்கட்டும். சுண்ணாம்புச்சத்து குறைந்த உடம்பில் ஈயம் அதிகம் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் தூசியை உறிஞ்சும் குழாயும் புகைக்கூண்டும் இருக்க வேண்டிய இடத்தில் 200 மில்லி பாலை வைத்துவிட்டு, பாதுகாப்பு ஏற்பாடு என்று கணக்கு எழுதுவதை ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது.

தொழிலாளியின் எண் அவருடையது, மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது. அது சரி. ஆனால் ஒரு பிரிவில் எல்லோருடைய எண்ணும் சேர்ந்து ஏறினால் அது அந்தப் பிரிவின் நோய். பேஸ்டிங் பிரிவின் சராசரி போன வருடத்தைவிட ஏறியிருக்கிறதா, எத்தனை பேர் எல்லையைத் தாண்டினார்கள் என்ற கணக்கைப் பெயரில்லாமல் பாதுகாப்புக் குழுவின் முன் வைக்க வேண்டும். அந்தக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று 41ஜி பிரிவு சொன்னது. எண் ஏறினால் ஆளை மாற்றுவது பாதி வேலைதான். அந்த இடத்துப் புகையை இழுக்கும் விசிறியைச் சரிசெய்தால்தான் அடுத்து வருபவருக்கும் ஏறாது. இன்னொரு விஷயம், ஈயத்துக்கு என்று எடுத்த ரத்தத்தில் வேறு எதையும், குறிப்பாகப் பெண்களிடம் கர்ப்பத்தை, கேட்காமல் பார்க்கக் கூடாது. அப்படிப் பார்க்கச் சொல்லி வாய்மொழியாகக் கேட்ட நிர்வாகத்தை நான் சந்தித்திருக்கிறேன்.

பூச்சிமருந்து தயாரிக்கும், கலக்கும் ஆலைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. கடலூர் சிப்காட் போன்ற இடங்களைப் பார்க்கும் ஆய்வாளர்களுக்கு இது பயன்படும். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துக்கு, அது ஏறினால் ரத்தத்தில் குறையும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பரிசோதனை செய்கிறார்கள். அந்த எண் ஆளுக்கு ஆள் இயல்பாகவே நிறைய மாறுபடும். அதனால் வேலையில் சேரும் முன், மருந்து தொடாத நிலையில் எடுத்த எண் இருந்தால்தான் பிறகு வருவதை ஒப்பிட முடியும். கலிபோர்னியாவில் சிவப்பணுக் கோலினெஸ்டரேஸ் அவரவர் ஆரம்ப எண்ணில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் வேலையிலிருந்து நகர்த்துகிறார்கள், 80 சதவீதத்துக்குத் திரும்பிய பிறகே சேர்க்கிறார்கள். ஆரம்ப எண் இல்லாமல், 'நார்மல் ரேஞ்ச்சுக்குள் இருக்கிறது' என்று சொல்வது, பாதியாகக் குறைந்துவிட்ட ஒருவரையும் நலம் என்று சொல்லிவிடும். வயலில் மருந்தடிப்பவர்களும் பெட்ரோல் பங்க்கில் நாள் முழுதும் பென்சீனை முகர்பவர்களும் தங்கள் இயக்ககத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அவர்களுக்காக நலவாழ்வுத் துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும், கேட்பேன்.

செலவு ஒரு தடை என்று சொல்லிவிடாதீர்கள். 2024லிருந்து 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று அரசே ஆலைகளுக்குள் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். அதே செவிலியர் பேட்டரி ஆலைக்குள் போகும்போது இன்னொரு குழாயில் 3 மில்லி ரத்தம் எடுத்தால் ஈயம் பார்த்துவிடலாம். பிபி அதிகமாக இருப்பவர் உலைத் தொழிலாளி என்றால் அதையும் சேர்த்துப் பார் என்று அவர்களின் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். பரிசோதனைக்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு மூன்றிலாவது உலோகம் பார்க்கும் கருவியும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். செலவை ஆலையிடம் வசூலியுங்கள், மாதிரியை மட்டும் ஆலை தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்துக்கு விடாதீர்கள். ஆலையிடம் காசு வாங்கும் ஆய்வகம் ஆலைக்குத்தான் பதில் சொல்லும், நான் அங்கே இருந்தவன்.

தொழிலாளியின் கைக்கு வரும் சீட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வரைவு எழுதும் அலுவலருக்கு உதவும். அவர் பெயர், வேலை செய்யும் பிரிவு, மாதிரி எடுத்த தேதியும் நேரமும், ஷிப்டுக்கு முன்பா பின்பா என்ற குறிப்பு, பார்த்த பொருளின் பெயர், வந்த எண், போன மூன்று முறை வந்த எண்கள், நகர்த்தும் எல்லை எது, அவர் இப்போது என்ன செய்யலாம், எந்த எண்ணுக்கு போன் செய்து விளக்கம் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து உலையில் நிற்பவருக்கு அவர் மொழியில் கொடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்து வாங்கி, அந்தக் கையெழுத்தை ஆய்வாளர் வரும்போது காட்ட வேண்டும். கையெழுத்து இல்லாத பரிசோதனையை நடக்காத பரிசோதனையாகவே கணக்கில் எடுங்கள்.

இந்தச் சீட்டின் மாதிரி ஒன்றைத் தமிழிலும் இந்தியிலும் தயாரித்து வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நேரில் வந்து கொடுத்து, ஒவ்வொரு வரியும் ஏன் வேண்டும் என்று தங்கள் ஆய்வாளர்களிடம் விளக்கத் தயாராக இருக்கிறேன். மாநில விதிகள் இறுதியாகும் முன் அந்த நேரத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர்
சென்னை